மேன்ஷன் ஹவுஸ் 9000

1935-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியை அடக்கம் செய்தார்கள். சடங்கை நடத்தியவர் சாட் வாரா என்ற இளம் பாதிரியார். குருப்பட்டம் பெற்று அதிக நாள் ஆகவில்லை. அவர் நடத்திய முதல் அடக்கமே அதுதான். அந்தப் பெண் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று விசாரித்தபோது தெரிந்தது, அவள் வயதுக்கு வந்திருந்தாள். உடம்பிலிருந்து ரத்தம் வருவது எதனால் என்று வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ யாரும் அவளுக்குச் சொல்லிவைக்கவில்லை. ஏதோ பால்வினை நோய் தொற்றிவிட்டது என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். யாரிடமாவது கேட்கலாம் என்றால் அதற்கும் பயம்.

நம் ஊரில் இப்படி நடக்காது என்று சொல்லத் தோன்றும். நாம் பந்தல் போட்டு, மைக் செட் கட்டி, தாய்மாமன் சீர்வரிசையோடு ஊருக்கே அறிவித்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, உன் உடம்பில் இன்னது நடக்கிறது, பயப்படாதே என்று சொன்ன வீடுகள் எத்தனை? பத்திரிகை அடித்து ஊருக்குச் சொன்ன செய்தி அவளுக்கு மட்டும் சொல்லப்படாமலே போவது இங்கும் உண்டு.

அன்றைய இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி குற்றம். பிழைத்துக்கொண்டவரைத் தேடிப் போலீஸ் வரும். சிறைக்குப் போனவர்களும் உண்டு. இறந்தவருக்குத் திருச்சபையும் முழு மரியாதை தராது. தன் உயிரைத் தானே எடுத்தவர்களுக்கு அடக்க ஆராதனை கிடையாது என்று ஆங்கிலிக்கன் சபையின் 1662-ஆம் ஆண்டுப் பொது ஜெப நூலிலேயே விதி இருந்தது. அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது வாய் திறக்காத ஊர், அவள் போன பிறகு பாவம் என்றும் குற்றம் என்றும் பேச மட்டும் தயாராக இருந்தது. அடக்கம் முடிந்தபோது வாராவுக்கு வந்தது துக்கத்தைவிடக் கோபம்தான். இனி எங்கே போனாலும் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லித்தருவது, அதற்காக ஊர் என்ன பெயர் வைத்தாலும் சரி என்று தீர்மானித்துக்கொண்டார்.

செய்தித்தாளில் தற்கொலைச் செய்திக்குக் கீழே கட்டம் கட்டி ஒரு தொலைபேசி எண் போடுகிறார்களே, அந்த எண்ணின் கதை இந்த அடக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. எண் வர இன்னும் 18 ஆண்டுகள் ஆயின.

அதற்கு முன்பே வியன்னாவில் ஒரு முயற்சி நடந்திருந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 1910 ஏப்ரலில் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வுச் சங்கம் மாணவர் தற்கொலைகளைப் பற்றிப் பேசவே கூடியது. பள்ளிக்கூடங்கள்தான் பிள்ளைகளை இதற்குத் தள்ளுகின்றன என்ற குற்றச்சாட்டு அப்போது அந்த நகரில் பலமாக இருந்தது. ஃபிராய்ட் பள்ளிக்கூடத்தின்மேல் மட்டும் பழியைப் போடவில்லை. ஆனால் பள்ளி தப்பித்துக்கொள்ளவும் விடவில்லை. மாணவனைச் சாவுக்குத் தள்ளாமல் இருப்பது மட்டும் பள்ளியின் வேலை ஆகாது, வாழ வேண்டும் என்ற ஆசையை அவனுக்கு ஊட்ட வேண்டும், வீட்டின் பிடியிலிருந்து விலகி உலகத்துக்குள் நுழைகிற வயதில் அவனுக்கு ஆதரவாக நிற்க வேண்டும் என்றார். நூறு வருடத்துக்கும் மேலாகிவிட்டது. நம்முடைய பள்ளி நிர்வாகங்கள் இன்னும் முதல் பாதியிலேயே நிற்கின்றன. "எங்கள் பள்ளிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை" என்ற விளக்கத்தோடு அவர்களுடைய கடமை முடிந்துவிடுகிறது.

1928-இல் அதே வியன்னாவில் விக்டர் ஃபிராங்கல் என்ற 23 வயது மருத்துவ மாணவர் இளைஞர்களுக்கு இலவச ஆலோசனை மையங்களைத் தொடங்கினார். இவர்தான் பின்னாளில் நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் மீண்டு, வாழ்வின் பொருள் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றவர். முகாமுக்குப் போவதற்கு வெகு முன்பே அவர் செய்த வேலை இது. மதிப்பெண் அட்டை கொடுக்கும் நாட்களை ஒட்டிப் பிள்ளைகள் உயிரை விடுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். 1930-இல் பருவ முடிவில், சரியாக அந்த நாட்களுக்கென்று தனி ஏற்பாடு செய்தார். மதிப்பெண் அட்டையோடு வீட்டுக்குப் போகப் பயந்த பிள்ளை வந்து பேச ஓர் இடம் இருந்தது. பல ஆண்டுகளில் முதன்முறையாக அந்தப் பருவத்தில் வியன்னாவில் ஒரு மாணவர்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை. மதிப்பெண் வரும் நாள் ஆபத்தான நாள் என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மே மாதத்தில் நம் ஊர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிற யாரும் சொல்வார்கள். தெரிந்த விஷயத்துக்கு ஏற்பாடு செய்தார் என்பதுதான் ஃபிராங்கலின் பெருமை. பிறகு ஹிட்லர் வந்தார், எல்லாம் போயிற்று.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். வாரா சொன்னதைச் செய்தார். அடுத்தடுத்துப் போன பங்குகளில் இளைஞர்களுக்கும் கல்யாணம் செய்துகொள்ளப்போகும் ஜோடிகளுக்கும் உடம்பைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லித்தந்தார். சம்பளம் போதாமல் 'ஈகிள்', 'கேர்ள்' போன்ற சிறுவர் பத்திரிகைகளுக்கு எழுதினார்; டான் டேர் என்ற விண்வெளி வீரனின் சித்திரக்கதைக்கு அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார். 1952-இல் 'பிக்சர் போஸ்ட்' இதழில் பாலியல் கல்வியைப் பற்றி அவர் எழுதியபோது கடிதங்கள் குவிந்தன. கட்டுரையைப் பாராட்டியோ திட்டியோ வந்தவை போக, சொந்தக் கதையைச் சொல்லி வந்தவையும் இருந்தன. எழுதியவர்களில் சிலர் வாழ்வதா வேண்டாமா என்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். முன்பின் பார்த்திராத ஒரு பாதிரியாருக்கு ஏன் எழுதினார்கள்? இவர் முகம் சுளிக்க மாட்டார் என்று அந்தக் கட்டுரையிலிருந்து தெரிந்துகொண்டார்கள், அதனால்தான்.

லண்டன் பெருநகரத்தில் ஒரு நாளைக்கு மூன்று பேர் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று அந்தச் சமயத்தில் அவர் எங்கோ படித்தார். தீப்பிடித்தால் 999-ஐ அழைக்கலாம், திருடன் வந்தாலும் அழைக்கலாம். சாக வேண்டும் என்று தோன்றுகிறவர் யாரை அழைப்பது? போலீஸுக்குச் சொன்னால் அது குற்றம். டாக்டரிடம் சொன்னால் மனநோய் விடுதிக்கு அனுப்பிவிடுவார் என்ற பயம். பாதிரியாரிடம் சொன்னால் பாவம் என்பார். வீட்டில் சொல்ல முடிந்திருந்தால் பிரச்சினையே இங்கே வந்து நின்றிருக்காது.

1953-இல் அவருக்கு செயின்ட் ஸ்டீபன் வால்ப்ரூக் தேவாலயத்தின் பொறுப்பு கிடைத்தது. லண்டனின் வணிகப் பகுதி நடுவில், கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். போரில் குண்டு விழுந்து சிதைந்திருந்தது. அதைச் சுற்றி வங்கிகளும் அலுவலகங்களும்தான், குடியிருப்பவர் சொற்பம். பங்கு மக்கள் இல்லாத கோயிலுக்கு எந்தப் பாதிரியாரும் ஆசைப்பட மாட்டார். வாராவுக்கு அதுதான் வசதியாக இருந்தது. வேறு வேலை இல்லாத இடமாக இருந்தால்தானே தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியும்.

எண்ணைப் பற்றி அவரே பிற்காலத்தில் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. 999 போல எளிதில் நினைவில் நிற்கிற ஓர் எண் வேண்டும் என்று யோசித்தார். அந்தப் பகுதியின் இணைப்பகத்துக்கு மேன்ஷன் ஹவுஸ் என்று பெயர். மேன்ஷன் ஹவுஸ் 9000 கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்து, தேவாலயத்தில் இருந்த தொலைபேசியை எடுத்து இணைப்பகத்தை அழைத்தார். நீங்கள் இப்போது எந்த எண்ணிலிருந்து பேசுகிறீர்கள் என்று ஆபரேட்டர் கேட்டார். தொலைபேசி மேல் குண்டு விழுந்த காலத்துத் தூசு. துடைத்துப் பார்த்தால் அதில் எழுதியிருந்தது மேன்ஷன் ஹவுஸ் 9000. பாதிரியார்களுக்குக் கதையைக் கொஞ்சம் மெருகேற்றும் பழக்கம் உண்டு. இருக்கட்டும், அந்தக் கறுப்புத் தொலைபேசி இன்றும் அந்தத் தேவாலயத்தில் காட்சிக்கு இருக்கிறது.

1953 நவம்பர் 2 அன்று முதல் அழைப்பு வந்தது. சாவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள் என்பதுதான் அவர் கொடுத்த விளம்பரத்தின் சாரம். டிசம்பர் 7-ஆம் தேதி 'டெய்லி மிர்ரர்' நாளிதழ் விவிலியத்தின் நல்ல சமாரியனை நினைவூட்டும் தலைப்போடு செய்தி போட, 'சமாரிட்டன்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

உதவி எண் உண்மையில் பிறந்தது இந்த இரண்டு தேதிகளிலும் அல்ல என்பது என் அபிப்பிராயம். வாரா ஒரு மனோதத்துவ நிபுணராகத் தன்னைப் பாவித்துக்கொண்டுதான் தொடங்கினார். ஆட்கள் வருவார்கள், அவர் தனியறையில் உட்கார்ந்து ஆலோசனை சொல்வார் என்பது திட்டம். செய்தி பரவியதும் கூட்டம் சேர்ந்தது. நாங்களும் உதவுகிறோம் என்று சாதாரண ஆட்கள் பலர் வந்தார்கள். அவர்களை என்ன செய்வதென்று தெரியாமல், வெளியே காத்திருக்கிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுங்கள், என் முறை எப்போது வரும் என்று அவர்கள் தவித்துக்கொண்டிருக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள் என்று உட்காரவைத்தார். சில வாரங்களில் ஒன்று புரிந்தது. காத்திருந்தவர்களில் பலர் டீயைக் குடித்து, பக்கத்தில் இருந்தவரிடம் மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்தே ஆக வேண்டியவர்கள் சிலர்தான். டீ கொடுத்தவர்கள் எதையும் தீர்த்துவைக்கவில்லை. கடனை அடைக்கவில்லை, ஓடிப்போன மனைவியைத் திரும்ப அழைத்துவரவில்லை. முழுசாகக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

இதைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருந்தாரே, அதுதான் வாராவின் பெரிய மனது. 1954 பிப்ரவரி 2 அன்று தன்னார்வலர்களைக் கூட்டித் தொலைபேசியை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு, தான் இனி அதை எடுப்பதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். உதவி எண் பிறந்த தேதி என்று நான் குறிப்பது இதைத்தான். நிபுணர் விலகி, கேட்கத் தெரிந்த சாதாரண மனிதர் உட்கார்ந்த நாள்.

அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள் கொஞ்சம்தான். பேசுகிறவரின் பெயரைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது. சொன்னது வெளியே போகக் கூடாது. மதத்தைப் பேசக் கூடாது. ஒரு பாதிரியார், ஒரு தேவாலயத்துக்குள் உட்கார்ந்து, இங்கே யாரும் பிரசங்கம் செய்யக் கூடாது என்று விதி போட்டார். நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. உயிரை விட வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இந்தக் கடைசி விதிக்குத்தான் நம் ஆட்கள் மிரளுகிறார்கள். கேட்டால் நாமே எடுத்துக்கொடுத்ததாகிவிடுமே என்பார்கள். அப்படி ஆவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உள்ளே ஏற்கெனவே இருப்பதை ஒருவர் பயமில்லாமல் பெயர் சொல்லிக் கேட்கும்போது பாரம் இறங்குகிறது.

இதைச் செய்ததால் சாவுகள் குறைந்தனவா? நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 1963 முதல் 1975 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தற்கொலைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. சமாரிட்டன்ஸ் கிளைகள் நாடெங்கும் பரவிய அதே காலம். பெருமை அவர்களுக்குப் போனது. 1976-இல் நார்மன் கிரைட்மன் என்ற மருத்துவர் கணக்குகளைப் பிரித்துப் பார்த்து, வீட்டுக்குள்ளேயே எளிதில் கைக்கெட்டிய ஓர் ஆபத்து அந்த ஆண்டுகளில் மெல்ல அகற்றப்பட்டதே முக்கியக் காரணம் என்று காட்டினார். அது அகன்றதும் எல்லோரும் வேறு வழி தேடிப் போய்விடவில்லை, பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். இது உதவி எண்ணுக்குத் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வேகம் நிலையானதல்ல, வந்து போவது, அதைத் தாண்ட வைத்தால் ஆள் பிழைப்பார் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டியதில்லை. வளரிளம் பருவத்தில் இது இன்னும் உண்மை. ஆத்திரத்தைத் தடுத்து நிதானிக்க வைக்கிற மூளையின் முன்பகுதி முழுசாக வளர இருபது வயதைத் தாண்ட வேண்டியிருக்கிறது. பதினைந்து வயதில் இன்றைய அவமானம் என்றென்றைக்குமான அவமானமாகத் தெரியும். பெரியவர்கள் அதை விளையாட்டு என்பார்கள். பிள்ளைக்கு அது விளையாட்டு இல்லை.

1961-இல் பிரிட்டன் தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. வெள்ளைக்காரன் தன் நாட்டில் கைவிட்ட சட்டத்தை நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம். 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. 1994-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது; 1996-இல் அதே நீதிமன்றம் செல்லும் என்றது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், இப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்கு அரசு சிகிச்சை தர வேண்டும் என்று கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்த அப்படி முயல்வது மட்டும் குற்றமாக மிச்சமிருக்கிறது. சட்டம் புத்தகத்திலிருந்து போனாலும் வீட்டுக்குள்ளிருந்து போகவில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கி, கொண்டுபோன இடத்தில் பொய் சொல்லி, பிழைத்து வந்த பிறகு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகாமல் மூடி மறைத்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மறைப்பதற்கு நம்மிடம் ஒரு வாய்ப்பாடே இருக்கிறது. இளம்பெண் இறந்தால், தீராத வயிற்று வலி. போலீஸ் நிலையத்தில் அப்படியே எழுதி, செய்தித்தாளில் அப்படியே வந்து, நாமும் அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருக்கிறோம். மாநிலத்தில் இத்தனை பெண்களுக்கு உயிரை எடுக்கும் வயிற்று வலி எப்படி வருகிறது என்று கேட்டவர் குறைவு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கேட்டார்கள். கணியம்பாடி வட்டாரத்தின் கிராமங்களில் 1992 முதல் 2001 வரை நிகழ்ந்த ஒவ்வொரு மரணத்தையும் வீடு வீடாகப் போய்க் கேட்டறிந்து, 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயதுக்குள் ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களில் 148 பேர், ஒரு லட்சம் ஆண்களில் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதுப் பெண்களின் மொத்தச் சாவுகளில் பாதிக்கு மேல் இதனால்தான். காரணங்களாகத் தெரிந்தவை வீட்டுச் சண்டை, வீட்டில் அடி உதை, படிப்பில் தோல்வி, கைகூடாத காதல். போலீஸ் ஏட்டில் இல்லாதவை கிராமத்துச் சுகாதாரப் பணியாளரிடம் இருந்தன. அவர் கேட்டார், அவரிடம் சொன்னார்கள்.

மறைக்க முடியாதபோது தீர்ப்பு. சாவு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கேட்கலாம்: "மார்க் கொறஞ்சதுக்காடா இப்படிப் பண்ணுவான், கோழைப் பய", "எல்லாம் செல்லம் குடுத்துக் கெடுத்தது", "ஏதோ லவ் மேட்டராம்". அகால மரணம், ஆவி அலையும் என்று சொல்லி அவசர அவசரமாக எடுப்பார்கள். இதே சமூகம்தான் ஒரு தலைவருக்காக உயிர்விட்டவனுக்குத் தியாகி என்று போஸ்டர் ஒட்டி, குடும்பத்துக்கு நிதி வழங்கி, சினிமாவில் காதலுக்காகச் சாகிறவர்களுக்கு வயலின் வாசிக்கிறது. ஒருவன் கோழை, இன்னொருவன் வீரன். இரண்டு பட்டத்திலும் அவனுக்கு உயிரோடு இருந்தபோது என்ன வலித்தது என்ற கேள்வி இல்லை.

இந்தச் சூழலில்தான் 1986 ஏப்ரலில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். வாராவின் வழியில் 1974-இல் உருவான பன்னாட்டு அமைப்பான பிஃப்ரெண்டர்ஸோடு இணைந்தது அது. அதே 1974-இல் கொழும்பில் 'சுமித்ரயோ' என்ற இதே போன்ற அமைப்பு தொடங்கியிருந்தது. சினேகாவிலும் மருத்துவர் தொடங்கினாலும் தொலைபேசியை எடுப்பவர் பயிற்சி பெற்ற தன்னார்வலர்தான். இல்லத்தரசி, வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவி என்று யாராகவும் இருக்கலாம்.

சென்னையில் இந்தத் தொலைபேசி லண்டனில் செய்யாத ஒன்றைச் செய்தது. பொதுத்தேர்வு முடிவு வரும் நாட்களில் பிள்ளைகளின் அழைப்பு கூடும். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டபோது, தோல்வியைவிடப் பெரிதாக ஒன்று தெரிந்தது. அப்போது பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தோற்றாலும் மறுபடி எழுதப் பல மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும். கூடப் படித்தவர்கள் எல்லாம் பஸ் பாஸோடு கல்லூரிக்குப் போக, இவன் மட்டும் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிற உறவினர் எல்லாம் "என்ன பண்றான்?" என்று கேட்பார்கள். பிள்ளைகள் பயந்தது அந்த ஒரு வருடத்துக்கு. தோற்றவர்கள் சில வாரங்களிலேயே மறுபடி எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேர வழி செய்யுங்கள் என்று சினேகா அரசிடம் வலியுறுத்தியது. 2000-களின் முதல் ஆண்டுகளில் உடனடித் தேர்வு, அதாவது இன்றைய துணைத்தேர்வு, வந்தது. அதன்பின் தமிழ்நாட்டில் தேர்வுத் தோல்வியை ஒட்டிய மாணவர் மரணங்கள் குறைந்ததை லட்சுமி விஜயகுமார் பல இடங்களில் எடுத்துக்காட்டியிருக்கிறார். 2017 முதல் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகளில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு கைவிட்டது. ஃபிளெக்ஸ் போர்டு வைக்கிற பள்ளிகளுக்கு வருத்தம்தான்.

மனதைத் திடப்படுத்திக்கொள் என்று லட்சம் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வதைவிட, தேர்வு அட்டவணையில் ஒரு தேதியை முன்னே நகர்த்துவது அதிக உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்பதே என் நம்பிக்கை. பிள்ளைகளின் மனம் பலவீனம் என்று சொல்வதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

காரணம் என்ன என்ற கேள்விக்கு இன்னும் நாம் ஒற்றைச் சொல்லில்தான் பதில் தேடுகிறோம். தற்கொலைக் கணக்கை வைத்திருப்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். சுகாதாரத் துறை இல்லை என்பதே நம் பார்வையைச் சொல்லிவிடும். அதன்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர். அதில் மாணவர்கள் 13,044. எல்லா வயதிலும் சேர்த்துத் தேர்வுத் தோல்வி என்ற கட்டத்தில் விழுந்தவர்கள் சுமார் இரண்டாயிரம். தேர்வு, தேர்வு என்று தலைப்பு போடுகிறோம். 18 வயதுக்குட்பட்டோரில் முதலிடம் குடும்பப் பிரச்சினைக்குத்தான். அந்தச் சொல்லாவது எதையும் விளக்குகிறதா? குடிக்கிற அப்பா, அடிக்கிற அண்ணன், காதல் தெரிந்துவிட்டதும் பிடுங்கப்பட்ட போன், படிப்பை நிறுத்திக் கல்யாணம், வெளியே சொல்ல முடியாத பாலியல் தொல்லை, விடுதியில் சாதி சொல்லிக் கேலி, தன் உடல் ஆணா பெண்ணா என்ற தவிப்பு எல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள் போய்விடுகின்றன. இவற்றோடு கண்டுபிடிக்கப்படாத மனச்சோர்வு நோய். பிள்ளை சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, விளையாடப் போகவில்லை, எரிந்து விழுகிறான் என்றால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் திமிர். பல மாதம் சேர்ந்த சுமையின் மேல் கடைசியாக ஒன்று விழுகிறது. போன் வாங்கித் தரவில்லை, அம்மா திட்டினாள், மூன்று மார்க் குறைந்தது. செய்தியில் வருவது அந்தக் கடைசி ஒன்றுதான். லிங்கன் சிறுமி மாதவிடாயால் சாகவில்லை என்பது இப்போது நமக்கு எளிதாகப் புரிகிறது. போன் வாங்கித் தராததால் இங்கே யாரும் சாகவில்லை என்பதும் அதே போலப் புரிய வேண்டும்.

ஊடகத்தின் பங்கு சின்னதல்ல. 1980-களின் பிற்பகுதியில் வியன்னா நகரச் செய்தித்தாள்கள் தற்கொலைச் செய்திகளைப் பரபரப்பில்லாமல், விவரம் குறைத்து எழுத ஒப்புக்கொண்ட பிறகு, அங்கே சுரங்க ரயிலோடு தொடர்புடைய மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. 2019-இல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலும் இதற்கு நெறிமுறை தந்தது: முக்கியத்துவம் கொடுத்துப் போடாதே, எப்படி என்று விவரிக்காதே, பரபரப்பாகத் தலைப்பு வைக்காதே. யூடியூப் சேனல்களுக்குப் பத்திரிகைக் கவுன்சில் கிடையாது. இறந்த பிள்ளையின் அம்மா முகத்துக்கு முன்னால் மைக் நீட்டி "கடைசியா என்ன பேசுனாங்க?" என்று கேட்கிறவர்கள், அடியில் உதவி எண்ணைப் போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிறார்கள்.

எண்ணுக்கும் எல்லை உண்டு. தனி அறை இல்லாத வீட்டில், அப்பாவின் போனை ஒளித்து எடுத்துப் பேச வேண்டிய பிள்ளைக்கு அது எளிதல்ல. 2021 செப்டம்பரில் நீட் எழுதிய மாணவர்களைத் தமிழ்நாடு அரசே அழைத்துப் பேச ஏற்பாடு செய்தது நல்ல திருப்பம். அழைப்பவர் பிள்ளை அல்ல, நாம் என்றாகிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு 'டெலி மானஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. வாரா இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. 2007 நவம்பரில் 95 வயதில் காலமானார்.

இதைப் படிக்கிறவர் அப்பாவோ அம்மாவோ ஆசிரியரோ என்றால் ஒரு வேண்டுகோள். பிள்ளை பேச ஆரம்பித்தால் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். "இதுக்கெல்லாமா?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். சாக வேண்டும்போல இருக்கிறது என்று சொன்னால் மிரட்டுகிறான் என்று எடுத்துக்கொள்ளாமல் அன்றே, கூடவே இருந்து, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. படிக்கிற நீங்களே அந்த நிலையில் இருந்தால் யாராவது ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். தெரிந்தவரிடம் சொல்ல முடியாவிட்டால் தெரியாதவரிடம் சொல்லுங்கள். சினேகாவின் எண் 044-24640050. தமிழ்நாடு அரசின் எண் 104. சிறுவர் சிறுமியருக்கு 1098. இலங்கையில் 1926. டெலி மானஸின் எண் 14416. அதில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.